‘மலையாளி’ என்னும் குடிப்பெயர்: கொல்லிமலை வழக்கும் அதன் மொழிபெயர்ப்பும்

மக்களை அவர்தம் நாடு, இனம், மொழி என்பவற்றால் சுட்டும் பெயர்களை ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்லுங்கால் அகராதி ஒன்றே துணையாகாது. ஒரு மரத்தின் பெயரையோ கருவியின் பெயரையோ பெயர்ப்போர் அப்பொருளை அறிந்திருத்தல் போதும். குடிப்பெயரைப் பெயர்ப்போரோ, அப்பெயரை இட்டவர் யார், அது எவ்வெல்லைக்குள் வழங்குவது, அதனைச் சொல்வார்க்கும் கேட்பார்க்கும் இடையே உள்ள உறவு எத்தகையது என்பனவற்றையும் அறிதல் வேண்டும். இவ்வுண்மையை விளக்கக் கொல்லிமலை வாழ்நரின் ‘மலையாளி’ என்னும் பெயர் மிகவும் ஏற்றது. இப்பெயரை ஆங்கிலத்தில் எழுதிய அளவிலே, கேரள நாட்டு மலையாளியரைக் குறிக்கும் பெயரோடு அது ஒன்றாகிவிடுகின்றது. படிப்போர் தமிழ்க்குடி ஒன்றனை வேற்றுமொழிக்குடியாகக் கொள்ள நேர்கின்றது. இம்மயக்கத்தின் தோற்றத்தையும், அதனை நீக்கும் வழியையும், செருமன் மொழியின் நாட்டுமக்கட் பெயர்களை ஒப்புநோக்கி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கண நூலார் கருத்து

தொல்காப்பியர் சொல்லதிகாரப் பெயரியலில் உயர்திணைப் பெயர்களை வகுக்குமிடத்து நிலப்பெயர், குடிப்பெயர், குழுவின் பெயர், வினைப்பெயர், உடைப்பெயர் முதலியவற்றைத் தனித்தனியே எண்ணினார். உரையாசிரியர்கள் நிலப்பெயர்க்கு அருவாளன், சோழியன் என்பனவற்றையும், குடிப்பெயர்க்கு மலையமான், சேரமான் என்பனவற்றையும் எடுத்துக்காட்டினர். இப்பாகுபாடு மொழிபெயர்ப்பாளர்க்குப் பெரிதும் பயன்படுவது. என்னை? ‘சோழியன்’ என்பது ஒருவன் பிறந்த நிலத்தைச் சொல்லும். ‘சேரமான்’ என்பது அவன் தோன்றிய குடியைச் சொல்லும். நிலத்தை விட்டு நீங்கிய பின்னும் குடி தொடரும். குடி மாறாதிருப்பினும் நிலம் மாறும். இன்று நாம் ‘தேசிய இனப்பெயர்’ என ஒரே தொகுதியாகக் கொள்ளும் சொற்களுள் இவ்விருவகையும் விரவிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாது பெயர்த்தால் பொருள் பிறழும்.

‘மலையாளி’ என்பது மலை என்னும் நிலப்பெயரும் ‘ஆளி’ என்னும் ஈறும் புணர்ந்தது. தொழிலாளி, முதலாளி, பங்காளி, கூட்டாளி, உழைப்பாளி என்பனவற்றிலும் இவ்வீறு வருதல் காண்க. ஆளுதலை, அஃதாவது உடைமையையோ பயிற்சியையோ குறித்த வினையடி ஈண்டுப் பெயராக்கும் ஈறாய் நின்றது. ஆகவே, மலையை உடையவர், மலையிடத்து வாழ்வைப் பயின்றவர் என்பதே இச்சொல்லின் நேர்ப்பொருள். இவ்வீறு ஆண்பால் பெண்பால் இரண்டற்கும் பொது என்பதும் நோக்கத்தக்கது. தொழிலாளி என்பது ஆடவரையும் மகளிரையும் ஒப்பக் குறித்தல் போல, மலையாளி என்பதும் இருபாலாரையும் குறிக்கும். ‘-அன்’, ‘-அள்’ என்னும் பால்காட்டும் ஈறுகள் பெறாமையின், இது மரியாதைக்குறைவும் மிகுதியும் இன்றி நடுநிலையில் வழங்கும் சொல்லாயிற்று.

கொல்லிமலையும் அதன் மக்களும்

கொல்லிமலை இன்றைய நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு கூறாக, ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரிந்துள்ள மேட்டுநிலம். 1997-ஆம் ஆண்டில் நாமக்கல் மாவட்டம் பிரிக்கப்படுமுன் இது சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. வல்வில் ஓரியின் மலையாகவும், ஓரியை வென்ற காரி அதனைச் சேரனுக்கு அளித்தமையால் பின்னர்ச் சேரர்க்கு உரிய மலையாகவும், கொல்லிப்பாவையின் இருப்பிடமாகவும் சங்கச் செய்யுட்கள் இதனைப் பேசுகின்றன. அறப்பளீசுவரர் கோயில் அமைந்துள்ளதும் இம்மலையே.

இங்கு வாழ்வோருள் பெரும்பாலார் மலையாளிகள். அவர்கள் பேசுவது தமிழ். தம்முள்ளும் பிறராலும் ‘கவுண்டர்’ என மரியாதையுடன் விளிக்கப்பெறுவர். தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று புறப்பட்டு வந்தனர் என்பதும், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பதும் அவர்களிடையே வழிவழியாக வழங்கும் வரலாறு. 1909-ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தர்சுடனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூல் இம்மரபினைப் பதிவுசெய்து, இவர்கள் தமிழ் பேசுவோர் என்பதனையும் காட்டுகின்றது.

இம்மலையின் ஊர்த்தொகுதிகள் ‘நாடு’ என முடியும் பெயர் உடையன. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, திண்ணனூர் நாடு என்பன அவற்றுட் சில. ஒருவர் தம்மை இன்ன நாட்டார் என்று கூறுமிடத்து, அதனை ஆங்கிலத்தில் தேசத்தைக் குறிக்கும் சொல்லால் பெயர்த்தால் நகைப்பிற்கு இடனாகும். இடைக்காலக் கல்வெட்டுக்களிற் காணப்பெறும் நாடு என்னும் சிறுபிரிவின் பொருளே இங்கு எஞ்சி நிற்கின்றது. எனவே, ‘நாட்டார்’ என்னும் ஒரு சொல்லே, ‘வெளிநாட்டார்’ என்றவிடத்துப் பிறதேசத்தவரையும், ‘வளப்பூர் நாட்டார்’ என்றவிடத்துச் சில சிற்றூர்களின் தொகுதியில் வாழ்வாரையும் உணர்த்துதல் தெளிவு. பொருளை எல்லையே உறுதி செய்கின்றது.

இரு மலையாளிகள்

கேரள நாட்டாரைக் குறிக்கும் ‘மலையாளி’ வேறு வழியில் வந்தது. மலைநாடு, மலைமண்டலம் என வழங்கிய சேரநாட்டிற்கு மலையாளம் என்பதும் ஒரு பெயர். முதற்கண் நாட்டிற்குப் பெயராயிருந்த அது பின்னர் அந்நாட்டார் மொழிக்கும் பெயராயிற்று. இன்று அப்பெயரைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் முந்தித் தோன்றுவது மொழியே. ஆகவே கேரள மலையாளியின் பெயர் மொழிப்பெயராக உணரப்படுகின்றது. கொல்லிமலை மலையாளியின் பெயரோ மலை என்னும் நிலத்தை நேரே சுட்டிப் பின் குடிப்பெயராய் உறைந்தது. அடிச்சொல் ஒன்றாயினும் வழக்கு இரண்டு.

கொல்லி சேரர்க்கு உரியதாயிருந்தமை கொண்டு, இம்மலையாளிகள் சேரநாட்டு வழியினராகலாம் எனக் கருதுவார் உளராகலாம். அக்கருத்துப் பொருந்தாது. ‘மலையாளி’ என்னும் பெயர் கொல்லிமலைக்கு மட்டும் உரியதன்று. சேர்வராயன் மலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சவ்வாது மலை, பருகூர் மலை ஆகியவற்றில் வாழ்வோரும் இப்பெயர் உடையர். சவ்வாது மலை போன்றவற்றைச் சேரரோடு இயைத்துக் கூறுதற்குச் சான்றில்லை. பொதுவாயிருப்பது மலைவாழ்வே ஆதலின், பெயர்க்காரணமும் அதுவே ஆதல் வேண்டும். அன்றியும், அவர்தம் வழிவழிக் கதை மேற்கே சேரநாட்டை நோக்காது, வடகிழக்கே காஞ்சியை நோக்குகின்றது. அக்கதையினை முழு வரலாறாகக் கொள்ளாவிடினும், தம்மைப் பற்றி அம்மக்கள் கொண்டுள்ள எண்ணத்திற்கு அது சான்றாகும்.

செருமன் மொழி தரும் ஒப்புமை

ஒரே அடியினின்று பிறந்த பெயர் இரு மக்கட்கு உரியதாய் மயக்கம் விளைத்தல் தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. செருமானியர் தம்மை ‘டாய்ச்’ என்னும் சொல்லாற் குறிப்பர். மக்கள் என்னும் பொருளுடைய பழைய செருமானியச் சொல்லடியாக அது பிறந்தது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘டச்’ என்பதும் அவ்வடியினதே. ஆயினும் ஆங்கிலத்தில் அது ஒல்லாந்தர்க்கு உரியதாய்ச் சுருங்கிவிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ‘பென்சில்வேனியா டச்’ எனப்படுவோர் ஒல்லாந்தர் அல்லர். செருமன் மொழி பேசிய நிலங்களினின்று சென்று குடியேறியவரின் வழியினர். அப்பெயரைத் தமிழில் ‘பென்சில்வேனிய ஒல்லாந்தர்’ எனப் பெயர்ப்பவர் செய்யும் பிழையும், கொல்லிமலை மலையாளியைக் கேரளத்தார் எனக் கொள்பவர் செய்யும் பிழையும் ஒன்றே.

செருமானியரை அயலார் அழைக்கும் பெயர்களும் பல. ஆங்கிலர் ‘சர்மன்’ என்பர். பிரெஞ்சுக்காரர் அலமானி என்னும் பழைய குடியின் பெயரால் ‘அல்மான்’ என்பர். பின்லாந்தினர் சாக்சன் குடியின் பெயரால் ‘சாக்சா’ என நாட்டை அழைப்பர். ஒரு குடியை எதிர்ப்பட்ட அயலார் அக்குடியின் பெயரை முழுமக்கட்கும் ஏற்றிக் கூறுதல் உலகியல்பு என்பது இவற்றாற் புலனாகும்.

இனிச் சொல்லமைப்பை நோக்குவோம். செருமன் மொழியில் நாட்டுமக்கட் பெயர்கள் பெரும்பாலும் மூன்று வகையின. ‘எங்லெண்டர்’, ‘இத்தாலியேனர்’ என்பன போல ‘-எர்’ ஈறு பெறுவன ஒருவகை. ‘பிரன்சோசே’, ‘டேனே’, ‘உருசே’ என்பன போல ‘-எ’ ஈறு பெற்று வேற்றுமையில் திரிவன மற்றொரு வகை. மூன்றாவது, பண்படையே பெயராய் நின்று அடைமொழிபோல் திரியும் வகை. ‘டாய்ச்சர்’ எனின் செருமானியன், ‘டாய்ச்சே’ எனின் செருமானியள். முதலிரு வகையிலும் பெண்பாற்கு ‘-இன்’ என்னும் ஈறு சேரும். ஆகவே செருமன் மொழியில் இவ்வகைப் பெயர் சொல்லுந்தோறும் பால் வெளிப்படுகின்றது.

ஆங்கிலமோ வேறு இயல்பினது. ‘சர்மன்’, ‘இத்தாலியன்’, ‘டேன்’ முதலியன இருபாற்கும் பொது. ‘இங்கிலீசுமன்’, ‘பிரெஞ்சுமன்’ என்பன ஆண்பாலைச் சுட்டுவன. அவற்றின் மக்கள் முழுமையையும் கூறப் பண்படையின் முன் சுட்டிடைச்சொல் சேர்த்தல் வழக்கு. இதனால், செருமானியர் ‘பிரன்சோசின்’ என ஒரு சொல்லாற் கூறுவதனை ஆங்கிலர் பிரெஞ்சு என்பதனோடு பெண் எனப் பொருள்படும் சொல்லைச் சேர்த்துக் கூற வேண்டியுள்ளது.

செவ்விய வழக்கு, பேச்சுவழக்கு என்னும் வேறுபாடும் உண்டு. நெதர்லாந்தினரைச் செருமானியர் செவ்விய நடையில் ‘நீடர்லெண்டர்’ என்றும், பேச்சில் ‘ஒல்லெண்டர்’ என்றும் குறிப்பர். ஒல்லாந்து அந்நாட்டின் ஒரு பகுதியே. பிரித்தானியர் அனைவரையும் பேச்சில் ‘எங்லெண்டர்’ என்பதும் அத்தகையது. ஆங்கிலத்தில் அதனைப் பெயர்ப்பவர், இடம் நோக்கி இங்கிலாந்தினர் என்றோ பிரித்தானியர் என்றோ துணிதல் வேண்டும். ஆங்கிலப் பேச்சுவழக்கில் பிரித்தானியரைப் ‘பிரிட்’ எனக் குறுக்கிக் கூறுவது பெரும்பாலும் நட்புக்குறிப்பினது. சப்பானியரைக் குறுக்கிக் கூறுவதோ இழிவுக்குறிப்பினது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப்போரில் ஆங்கிலர் செருமானியரை ‘ஊன்’ எனப் பழைய படையெடுப்பாளர் பெயரால் அழைத்தது பகைமையின் வெளிப்பாடு. பேச்சுவழக்குச் சொற்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல என்பது இவற்றான் அறியப்படும்.

தமிழில் இவ்வேறுபாட்டினை ஈறுகளே உணர்த்துகின்றன. ஆங்கிலேயர், செருமானியர், சீனர் என்பன செவ்விய நடைக்குரியன. செருமன்காரர், வெள்ளைக்காரர் என்பன பேச்சுக்குரியன. ‘-காரர்’ என்பது ‘-காரன்’ என மாறிய அளவிலே மரியாதை நீங்கும். ஆகவே ஒரு செருமானியரைக் குறிக்கும் பிறமொழித் தொடரைச் ‘செருமானியன்’ எனப் பெயர்த்தலினும், ‘செருமானியர் ஒருவர்’ எனப் பெயர்த்தல் இக்கால உரைநடைக்குப் பொருந்தும்.

தமிழரும் ‘மலபார்’ ஆயினர்

கொல்லிமலைத் தமிழர் மலையாளி எனப்பட்டு மயங்குவதை நினைக்குங்கால், ஒரு காலத்தில் தமிழர் அனைவருமே இம்மயக்கத்துக்கு உட்பட்டிருந்தமை நினைவிற்கு வருகின்றது. ஐரோப்பியர் முதற்கண் இறங்கியது மேலைக் கடற்கரையாகிய மலபாரில். அங்குக் கேட்ட பெயரைக் கீழைக் கடற்கரைக்கும் ஈழத்திற்கும் உடன் கொண்டுவந்தனர். 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த செருமானியர் சீகன்பால்கு, தாம் திரட்டிய தமிழ் நூற்பட்டியலுக்கும், தமிழ்நாட்டுத் தெய்வங்கள் பற்றி 1713-இல் எழுதி முடித்த நூலுக்கும் ‘மலபார்’ என்னும் அடைமொழியே தந்தார். ஆயின் 1716-இல் ஆல் நகரில் அச்சாகிய அவர்தம் இலத்தீன் இலக்கண நூலின் பெயரில் ‘தமுலிக்கா’ என்னும் வடிவம் காணப்படுகின்றது. ஐரோப்பியர் உலகில் பரவிய வழக்குப்பெயர் ஒன்று, மொழிக்குரியோர் வழங்கிய பெயரைத் தழுவிய இலத்தீன் வடிவம் ஒன்று என இரண்டும் ஒருவர் எழுத்திலேயே நின்றன. 1779-இல் வேப்பேரியில் வெளியான பாப்ரிசியசு அகராதியும், ஐரோப்பியர் பொதுவாக மலபார் எனக் கூறும் மொழி தமிழே என்பதனைத் தன் முகப்பிலேயே விளக்கவேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கார்ல் கிரௌல் வெளியிட்ட தமிழ் நூல் வரிசை ‘தமுலிக்கா’ என்னும் பெயரையே தாங்கிற்று. செருமன் மொழியில் அக்காலத்துத் ‘தமுலே’ எனப்பட்ட தமிழர் இன்று ‘தமிலே’ என்றும், தமிழ்ப்பெண் ‘தமிலின்’ என்றும் குறிக்கப்படுகின்றனர். அயலார் இட்ட பெயர் நீங்கித் தன்பெயர் நிலைபெற நூறாண்டிற்கு மேற்பட்ட காலம் ஆயிற்று.

பெயரும் உரிமையும்

இம்மயக்கம் ஏட்டளவில் நிற்குமாயின் அதனைப் பெரிதாகக் கருத வேண்டுவதில்லை. ஆனால் குடிப்பெயர் சட்டத்துட் புகுந்தபின் அதன் பொருள் மக்களின் உரிமையைத் தீர்மானிக்கின்றது. யாழ்ப்பாணத்துத் தேசவழமை ஒல்லாந்தர் ஆட்சியில் 1706–1707-இல் தொகுக்கப்பெற்று, ஆங்கிலேயரால் 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் ஒழுங்குவிதியாற் சட்டவலிமை பெற்றது. அது யாழ்ப்பாண மாகாணத்து ‘மலபார்’ குடிகளுக்கு உரியது எனக் கூறப்பட்டமையால், அச்சொல் யாரைக் குறிக்கும் என்பதனைப் பிற்கால நீதிமன்றங்கள் ஆராய வேண்டியதாயிற்று. அங்கு நிலையாகக் குடிகொண்ட தமிழரே அவர் என அவை பொருள் கண்டன. ஒருவர்தம் சொத்துரிமை ஒரு பழைய மொழிபெயர்ப்புச் சொல்லின் பொருளைச் சார்ந்து நின்றது.

நம் நாட்டிலும் இத்தகைய நிலை உண்டு. அரசியலமைப்பின் 342-ஆம் உறுப்பின்படி பட்டியற் பழங்குடிகளைக் குடியரசுத்தலைவர் அறிவிப்பார். அப்பட்டியலை மாற்றும் ஆற்றல் பாராளுமன்றத்துக்கே உண்டு. 1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்வழி அமைந்த தமிழ்நாட்டுப் பட்டியலில் ‘மலையாளி’ என்னும் பெயர் தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களின் பெயரோடு சேர்த்தே எழுதப்பட்டுள்ளது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த இக்குடியினர் தமிழ்நாட்டுப் பட்டியற் பழங்குடிகளுள் தொகையான் முதலிடம் பெறுவர். பட்டியலில் மாவட்டங்களைக் கூறியமைக்குரிய காரணம் எதுவாயினும், கேரள மலையாளியரினின்று இவர்களை வேறுபிரிக்க அது பயன்படுகின்றது. தொல்காப்பியர் தனித்தனியே வைத்த நிலப்பெயரும் குடிப்பெயரும் ஈண்டு ஒன்றையொன்று வரையறுக்கின்றன.

அவ்வரையறையால் விளைந்த இடரும் உண்டு. கொல்லிமலை பழைய சேலம் மாவட்டத்தில் இருந்தமையால், நாமக்கல் தனிமாவட்டமான பின்னும் அங்குள்ளோர் உரிமை குன்றவில்லை. பருகூர் மலையோ பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்து, 1979-இல் ஈரோடு மாவட்டம் அமைந்தபோது அதனுட் சென்றது. பட்டியலில் கோயம்புத்தூர் சொல்லப்படாமையின், பெயராலும் வாழ்வாலும் மலையாளிகளாகிய பருகூர் மலையினர் பழங்குடிச் சான்று வேண்டி நெடுங்காலம் முறையிட்டு வந்துள்ளனர். பட்டியலிலுள்ள பெயரை உள்ளவாறே படித்தல் வேண்டும், சான்று கொண்டு அதனை விரித்தல் கூடாது என்று 2000-ஆம் ஆண்டில் மகாராட்டிர மாநில வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே சான்றிதழில் எழுதப்படும் ஒவ்வோர் எழுத்தும் கருதத்தக்கது. அப்பட்டியலில் மலைப்பண்டாரம், மலைவேடன், மலைக்குறவன், மலையரையன், மலசர் என ஒலியால் அணுகிய பிற குடிப்பெயர்களும் உள்ளன. ‘மலைவாழ்நர்’ எனப் பொதுப்படப் பெயர்ப்பவர் இவ்வனைத்தையும் ஒன்றாக்கிவிடுவர்.

மொழிபெயர்ப்பார் கொள்ளத்தக்க முறை

இதுகாறும் கூறியவற்றால் சில நெறிகள் பெறப்படும்.

ஒன்று: சட்டம், சான்றிதழ், கணக்கெடுப்பு ஆகியவற்றில் ‘மலையாளி’ என்னும் பெயரைப் பட்டியலில் உள்ள ஆங்கில எழுத்துக்களால் அவ்வாறே எழுதுதல் வேண்டும். அங்குப் பொருள் விளக்கும் பொருட்டு வடிவை மாற்றுதல் தீங்கு பயக்கும்.

இரண்டு: ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அப்பெயரை மொழிபெயர்க்காது ஒலிபெயர்த்து, முதன்முறை வருமிடத்துக் ‘கொல்லிமலையில் வாழும், தமிழ் பேசும் குடியினர்’ என்னும் விளக்கத்தைத் தொடருள்ளேயே சேர்த்தல் வேண்டும். மலை என்னும் சொல்லின் ஐகாரம் தோன்ற ஆங்கிலத்தில் எழுதுவார் உளர். அது பிறப்பை விளக்குமாயினும், சட்டவடிவினையும் உடன் காட்டாவிடின் புதியதொரு மயக்கத்திற்கு வழிகோலும்.

மூன்று: கதை, உரையாடல் முதலியவற்றில் சொல்வோன் நிலை நோக்குதல் வேண்டும். சமவெளியார் ஒருவர் ‘மலைக்காரன்’ எனின், அதனைக் குடிப்பெயரால் பெயர்த்தல் கூடாது. ஆங்கிலத்தில் மலைமனிதன் எனப் பொருள்படும் எளிய சொல்லே அதன் தரத்திற்கு ஒக்கும். ‘மலைக்காரர்’ என்றவிடத்து அதனினும் மதிப்புடைய தொடர் வேண்டும். ‘கவுண்டர்’ என விளித்தவிடத்து அதனை அவ்வாறே விட்டுவைத்தல் நன்று. ஏனெனின் அது மரியாதைச்சொல். அதனை இனப்பெயராகப் பெயர்த்தால் மரியாதை மறைந்து வகைப்பாடு மட்டுமே எஞ்சும்.

நான்கு: செருமன் மொழியில் இதனைப் பெயர்க்க நேரின், மலையாளி என்பதன் பொதுப்பால் இயல்பினைக் கருதுதல் வேண்டும். ஆண்பால் பெண்பால் ஈறுகளுள் ஒன்றனைத் தெரிந்துகொள்ள அம்மொழி வற்புறுத்துமாயின், தமிழ்ப் பனுவலில் பால் வெளிப்பட்ட இடத்தன்றி அதனை ஏற்றாது, ‘குடியினர்’ எனப் பன்மையாற் கூறுதல் தக்கது.

ஐந்து: பெயர் ஒன்றனையே கொண்டு குடியேற்ற வரலாற்றைத் துணிதல் கூடாது. ‘டச்’ என்னும் பெயர் பென்சில்வேனியரை ஒல்லாந்தர் ஆக்காது. ‘மலபார்’ என்னும் பெயர் தரங்கம்பாடித் தமிழரைக் கேரளத்தார் ஆக்கவில்லை. அவ்வாறே ‘மலையாளி’ என்பதும் கொல்லிமலைத் தமிழரை வேற்றுமொழியினர் ஆக்காது.

இலக்கியமும் இலக்கணமும் கற்போர் குடிப்பெயர்களைப் பழஞ்செய்யுளுக்கு உரை காணுமிடத்து மட்டும் ஆராய்வதோடு அமையாது, வட்டாட்சியர் அலுவலகத்துப் படிவங்களிலும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளிலும் அவை வழங்கும் முறையினையும் ஆராய்தல் வேண்டும். தமிழில் ஒருவாறும் ஆங்கிலத்தில் மற்றொருவாறும் எழுதப்பட்ட ஒரு பெயர், மலையடிவாரம் இறங்கிவரும் ஒரு மாணவனின் கல்விக்குத் தடையாக நிற்றல் கூடும். அத்தடை எழாவண்ணம் பெயரின் எல்லையையும் பொருளையும் தெளிவுறுத்தும் கடமை தமிழ் ஆய்வாளர்க்கு உண்டு.